ஒரு பக்கத்தில் அடங்கிய இத்தாலிக்காரர்

எண்பதுகளில் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டுக்குச் சத்திரம் என்று பெயர். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்கள் வேலை கிடைக்கும்வரை அங்கே தங்குவார்கள். வாடகை கிடையாது. பதிலுக்கு ஒரே ஒரு கடமை. மூலையில் ஒரு பழைய வாஷிங் மெஷின் இருந்தது. துவைக்கிறவரை சாதுவாக இருக்கும். பிழிகிற கட்டம் வந்ததும் சாமி வந்த மாதிரி ஆட ஆரம்பித்து, ஆடிக்கொண்டே சுவரை விட்டு நடு அறைக்கு நடந்து வரும். பின்னால் குழாய் பிடுங்கிக்கொண்டால் வெள்ளம். அதனால் மாடியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்ததும், கீழே இருப்பவர் ஓடிப்போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். இன்று பெரிய பெரிய பதவிகளில் இருக்கும் பலர் அதன்மேல் உட்கார்ந்து குலுங்கியவர்கள்தான். யார் யார் என்று சொல்லமாட்டேன். எல்லோரிடமும் இப்போது நல்ல வக்கீல் இருக்கிறார்.

புது மெஷின் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கலாம்தான். ஆனால் நான் எழுத்தாளன். செய்ய வேண்டியதை ஒத்திப்போடுவது எங்கள் குலத்தொழில்.

எழுத்தாளன் என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிழைப்புக்கு ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்குக் கோபோல் ப்ரோக்ராம் எழுதினேன். சனி ஞாயிறுகளில் தமிழில் சிறுகதை எழுதினேன். முன்னது ஓடியது, பின்னது திரும்பி வந்தது. கதையோடு தபால்தலை ஒட்டிய உறையும் வைத்தால்தான் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். நியூ ஜெர்சியில் இந்தியத் தபால்தலைக்கு எங்கே போவது? அதனால் உறையில் மயிலாப்பூரில் இருக்கும் அண்ணன் விலாசத்தைக் கொடுத்து, தலை ஒட்டும் வேலையையும் அவரிடமே விட்டிருந்தேன். திரும்பி வந்த கதையை அவர் சாவகாசமாகப் படித்து, தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புவார். ஆக, என் ஒவ்வொரு கதைக்கும் இரண்டு நிராகரிப்பு.

ஒரே ஒரு கதையை யாராவது ஒருவர் ஏற்றுக்கொண்டால் போதும் என்பதுதான் அந்தக் காலத்தில் என் ஆசை. வெளியே அப்படிச் சொல்வேனா? விருந்துகளில் காகிதத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்த ஊருக்கு வந்து வேலைல மாட்டிக்காம இருந்திருந்தா, இந்நேரம் ஏழெட்டு நாவல் எழுதியிருப்பேன்" என்பேன்.

"அப்ப அமெரிக்காவுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும். தமிழ்நாடு தப்பிச்சுது" என்பாள் என் மனைவி.

இப்படி இருக்கையில், ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். அவருடைய தாத்தா காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த குடும்பம். அங்கிருந்து அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் வந்திருக்கிறாராம். சிகரெட் நாற்றம் தாங்காமல், அந்த ஆளா நானா என்று இவருடைய மனைவி கேட்டுவிட்டாளாம். "உன் வீட்டில் ஒரு பேஸ்மென்ட் இருக்கிறதாமே?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பெட்டியோடு அந்தச் சகோதரர் வந்து சேர்ந்தார். என் வயது இருக்கும். புருவம் மட்டும் இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது. தோட்டத்தில்தான் புகைப்பேன் என்று அவராகவே வாக்குக் கொடுத்துவிட்டு, என் மனைவியின் கையை முத்தமிடக் குனிந்தார். அவள் கையில் கரண்டி இருந்ததால் முத்தம் கரண்டியோடு நின்றுவிட்டது.

அவர் கீழே போனதும் சமையலறையில் விசாரணை தொடங்கியது.

"என்ன வேலையாம்?"

"நாவல் எழுதறாராம்."

"அது சரி. வேலை?"

"அதான் வேலை. அவங்க ஊர்ல பெரிய நாவலிஸ்ட்."

"பாவம்" என்றாள். "நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கார்."

இங்கேயே பிறந்த எங்கள் மகள், தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற ஜாதி, குறுக்கிட்டாள். "மாம், ஹி இஸ் நாட் அன்எம்ப்ளாய்ட். ஹி இஸ் அ ரைட்டர்."

"ரெண்டும் ஒண்ணுதான்டி. உங்கப்பாகிட்ட கேளு."

சாப்பாட்டின்போது அவரே சொன்னார். அவருடைய ஆங்கிலம் கைகளால் பேசப்படுவது. தமிழில் எனக்கு வந்த அளவுக்குத் தருகிறேன். மூன்று நாவல்கள் எழுதியிருந்தார். முதலாவதைப் புகழ்ந்தார்கள். இரண்டாவதற்குப் பரிசு கொடுத்தார்கள். மூன்றாவது, தெற்கே கடலோரத்தில் இருக்கும் அவருடைய சொந்த ஊரைப் பற்றியது. ஊரில் ஒவ்வொருவரும் அதைப் படித்தார்கள், ஒவ்வொருவரும் அதில் தன்னைக் கண்டுபிடித்தார்கள். நாவிதர் இவரைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ரொட்டிக் கடைக்காரர் அவருடைய அம்மாவுக்கு ரொட்டி இல்லை என்றார். கிழவி மாதாகோயிலில் போய் உட்கார்ந்தால் அந்த வரிசையே எழுந்து போனது.

"இனி எழுதமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்" என்றார். "எனக்கு ஒரு வேலை வேண்டும். ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு தொலைபேசி. திட்டுவதற்கு மேலே ஒருவர்."

எனக்குச் சாதம் இறங்கவில்லை. எந்த மேஜையால் என் வாழ்க்கை வீணாயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனோ அதைத்தான் அவர் கேட்டார். எந்த வாழ்க்கைக்கு நான் ஏங்கினேனோ அதிலிருந்து அவர் ஓடி வந்திருந்தார். கோயில் வாசலில் எங்கள் இருவருடைய செருப்பும் மாறிப்போயிருந்தது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சத்திரத்துக்கு யார் புதிதாக வந்தாலும், அடுத்த ஞாயிறு ரெஸ்யூமே மாமா வந்து அவருடைய வாழ்க்கையை ஒரு பக்கத்துக்குள் அடைத்துக் கொடுப்பார். மருந்துக் கம்பெனி ஒன்றில் மேலாளர். சம்பளத்துக்குச் செய்கிற வேலை அது. தர்மத்துக்குச் செய்வது இது. "ஆண்டவனே வந்தாலும் ஒரு பக்கம்தாம்ப்பா. தசாவதாரமா? டென் ப்ராஜெக்ட்ஸ்னு போட்டுட்டுப் போயிட்டே இரு" என்பது அவருடைய சித்தாந்தம்.

இத்தாலிக்காரரை எதிரே உட்கார வைத்து, டைப்ரைட்டரை நிமிர்த்தினார்.

"முதல் நாவலுக்கு எவ்வளவு டைம் எடுத்தார்?" என்று என்னைக் கேட்டார்.

"நாலு வருஷம், சார்."

"டெட்லைன் மிஸ் பண்ணிட்டாரா?"

"டெட்லைனே கிடையாது, சார்."

"அப்புறம் எதுக்கு நாலு வருஷம்?"

நான் இலக்கியம் பற்றி ஏதோ சொன்னேன். அவர் அதைத் தட்டச்சு செய்யவில்லை. "நாவல்னு போட்டா இன்டர்வியூவே வராது. 'லார்ஜ் ஸ்கேல் டாக்குமென்டேஷன்'. மூணு ப்ராஜெக்ட். டீம் கிடையாது, தனியாளா டெலிவர் பண்ணியிருக்கார். மூணாவதைப் படிச்சுட்டு ஊரே திரண்டு வந்துதுன்னு சொன்னியே?"

"அடிக்க வந்தாங்க, சார்."

"'கம்யூனிட்டி லெவல் இம்பாக்ட்'" என்று தட்டினார். பிறகு நிமிர்ந்தார். "ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ரெண்டு வருஷம் காணோமே. என்ன பண்ணிட்டிருந்தார்?"

நான் மொழிபெயர்த்தேன். இத்தாலிக்காரர் யோசித்து, "கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "கேப்!" என்றார், எக்ஸ்ரேயில் புள்ளியைப் பார்த்த டாக்டர் மாதிரி. பிறகு மாமாவின் முகம் தெளிந்தது. "கவலைப்படாதே. கேப் இருந்தா மறைக்கக் கூடாது. அதுக்கு ஒரு பேர் வைக்கணும்." தட்டினார்: 'கடல்சார் கள ஆய்வு. இரண்டு ஆண்டுகள். சுயேச்சையாக.'

இத்தாலிக்காரர் அந்தப் பக்கத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இப்போதுதான் என் வாழ்க்கை எனக்கே புரிகிறது" என்றார்.

பிறகு ஒத்திகை. மாமா கம்பெனிக்காரர் மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு, "டெல் மி அபௌட் யுவர்செல்ஃப்" என்றார். வந்தது வினை. இத்தாலிக்காரர் தன் அப்பாவிடம் இருந்த ஒற்றைக்கண் கழுதையிலிருந்து தொடங்கினார். கழுதையை விற்றவன், அவனுடைய மூன்று பெண்கள், அதில் ஒருத்தி வீட்டை விட்டு ஓடிய கதை. என் மனைவி கரண்டியோடு வந்து நின்றவள் உள்ளே போகவே இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. மகள் டிவியை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "முக்கால் மணி ஆச்சுப்பா. இவர் இன்னும் பொறக்கவே இல்லை."

ஆனாலும் வேலை கிடைத்தது. துறைமுகத்துப் பக்கம் சரக்குக் கப்பல்களுக்கு இன்ஷூரன்ஸ் தரும் ஒரு சின்னக் கம்பெனி. அதன் முதலாளி மற்ற எந்த வரியையும் படிக்கவில்லையாம். கடல்சார் கள ஆய்வு என்பதில் விரலை வைத்து, எங்கே என்று கேட்டிருக்கிறார். இவர் தன் ஊர்க் கடலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். விசாவுக்கும் அவரே ஏற்பாடு செய்தார்.

கப்பலில் சரக்கு நாசமானால் பணம் கேட்டு விண்ணப்பம் வரும். எப்படி நாசமாயிற்று என்று கப்பல்காரர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அதைப் படித்து நிஜமா புளுகா என்று தீர்மானிப்பதுதான் இவருடைய வேலை. சேர்ந்த புதிதிலேயே, ஒரே புயலில் சிக்கியதாகச் சொல்லி இரண்டு கப்பல்களிலிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது. முதல் கேப்டன் காற்றின் திசை, அலையின் உயரம், எந்தப் பீப்பாய் எப்போது உருண்டது, எல்லாவற்றையும் அழகாக அடுக்கியிருந்தார். இரண்டாமவரின் அறிக்கை ஒரே குழப்பம். நடுவில் ஒரு ஆடு வேறு. மேல்தளத்தில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு தன் தொப்பியைத் தின்றுவிட்டதாகவும், அந்த ஆடு யாருடையது என்று தனக்கு இன்றுவரை தெரியாது என்றும் எழுதியிருந்தார்.

இத்தாலிக்காரர் ஆட்டுக்குப் பணம் கொடுத்தார். மற்றதை நிராகரித்தார். ஆபீசே சிரித்தது. விசாரித்துப் பார்த்ததில், முதல் கப்பல் அந்த வாரம் துறைமுகத்தைவிட்டே கிளம்பவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"பொய் சொல்கிறவன் ஆட்டைக் கொண்டு வரமாட்டான்" என்றார். "கொண்டு வந்தால் அதற்குத் தீனி போட வேண்டுமே."

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பதவி உயர்ந்தது. அடுத்த தெருவில் வீடு வாங்கினார். சனிக்கிழமைகளில் புல் வெட்டினார். பேப்பரில் தள்ளுபடிக் கூப்பன் கத்தரித்தார். கட்டடக்காரரோடு மழைநீர்க் குழாய் பற்றிச் சண்டை போட்டார். எனக்கு முன்னாலேயே கிரீன் கார்டு வாங்கினார். கிரில் வைத்துக் கத்திரிக்காய் சுட்டு எங்களுக்கு விருந்து போட்டார். எங்களோடு அவருக்கு ஒரே ஒரு கருத்து வேறுபாடு. காலை பதினொரு மணிக்குமேல் காபியில் பால் ஊற்றுவது பாவம் என்று அவர் நம்பினார். சாயங்காலம் என் மனைவி நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கும் காபியை, கொலையைப் பார்த்த சாட்சி மாதிரி பார்ப்பார்.

அவர் எழுதுவாரா என்று நான் காத்திருந்தேன். எனக்காக இல்லை, உலக இலக்கியத்துக்காக. எழுதவில்லை. வீட்டில் பேனா இருந்தது. செக்கில் கையெழுத்துப் போட. சரி, நாமாவது எழுதுவோம் என்று, ரிடயர் ஆகும் குமாஸ்தா ஒருவரைப் பற்றிய என் மிகச் சிறந்த கதையை ஒருநாள் காரில் போகும்போது அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் டிராஃபிக். தப்பிக்க வழியில்லாமல் முழுவதையும் கேட்டார்.

"எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. "மழை சரியான நேரத்தில் பெய்கிறது. அந்தப் பெண் சரியான நேரத்தில் அழுகிறாள். என்னிடம் வந்தால் இதற்குப் பணம் தரமாட்டேன்."

நான் வீட்டுக்குப் போய் அந்தக் கதையில் ஒரு ஆட்டைச் சேர்த்தேன். நிஜமாகவே. போன வேகத்தில் திரும்பி வந்தது. அண்ணன் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் ஆடு எப்படிடா வந்தது? லிஃப்டிலா?'

எண்பதுகள் முடியப்போகிற சமயம். ஒரு சாயங்காலம் இத்தாலிக்காரர் முகம் வெளுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த பால் காபியைக் கவனிக்காமலே குடித்துவிட்டார். அப்போதுதான் விஷயம் பெரிது என்று எங்களுக்குப் புரிந்தது.

இத்தாலியில் அவர் இல்லாத இத்தனை வருஷத்தில் ஒரு விபரீதம் நடந்திருந்தது. இவர் ஏன் எழுதவில்லை என்று முதலில் கேட்டார்கள். பதில் இல்லை. பதில் இல்லாததே பெரிய பதில் என்று ஒரு விமர்சகர் எழுதினார். அதிலிருந்து இவருடைய மூன்று நாவல்களைவிட இவருடைய மௌனத்துக்குத்தான் அங்கே மவுசு. பத்திரிகைக்காரர்கள் இவருடைய ஊருக்குப் போய்த் தங்கி, சாப்பிட்டு, படம் எடுத்துப் போனார்கள். ஊர் மனம் மாறியது. நம்மை எழுதிய பாவத்தால் அவனுக்குப் பேனாவே ஓடவில்லை, அந்நிய தேசத்தில் வெந்துகொண்டிருக்கிறான், போதும், மன்னிப்போம் என்று முடிவு செய்தது. அம்மாவுக்கு ரொட்டி கிடைத்தது. மாதாகோயிலில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தது. இப்போது அந்த மௌனத்தைப் பற்றிப் புத்தகம் எழுத ஒரு பேராசிரியை கிளம்பி வந்திருக்கிறாள். நியூயார்க் வரை வந்துவிட்டாள். சனிக்கிழமை இங்கே.

"நான் வேதனையில் இருக்கிறேன் என்பதால்தான் அம்மாவுக்கு ரொட்டி கொடுக்கிறார்கள்" என்றார். "கைகூப்பிக் கேட்கிறேன். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்."

ரெஸ்யூமே மாமாவுக்குப் போன் செய்தேன். அரை மணியில் வந்து, முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்ப்பா, இதுக்கா இவ்வளவு டென்ஷன்? எழுதாம இருந்தது என்ன? கேப்தானே! என்கிட்ட விடு."

கிரில்லும் கூப்பனும் இருக்கும் வீட்டில் அவளை வரவேற்க முடியாது. எங்கள் பேஸ்மென்ட் அப்போது காலியாக இருந்தது. அவர் இன்னும் அங்கேயே குடியிருப்பதாக ஏற்பாடு. என் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மனசு வெந்து போனவர் இவ்வளவு தொந்தியோட இருப்பாரா? இந்தக் கிளிப்பச்சைச் சட்டையை முதல்ல கழட்டச் சொல்லுங்க."

என் பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்தாள். போட்டதும் உண்மையாகவே பரிதாபமாக ஆகிவிட்டார். இத்தனை வருஷம் அதைப் போட்டுக்கொண்டு நான் எப்படி இருந்திருப்பேன் என்று அன்றுதான் தெரிந்தது. மாமா ஒரே ஒரு அறிவுரை சொன்னார்: "நீங்க வாயே திறக்கக் கூடாது. உங்க ப்ராடக்டே அதுதான்."

சனிக்கிழமை மத்தியானம் பேராசிரியை வந்தாள். முப்பதுக்குள் இருப்பாள், கருப்பு உடை, கையில் டேப் ரெக்கார்டர். படியில் இறங்கும்போது தலை இடிக்கும் தாழ்வான கூரையைத் தொட்டுப் பார்த்தாள். உடைந்த சோபாவைக் கும்பிடாத குறை. என்ன கேட்டாலும் இத்தாலிக்காரர் தரையைப் பார்த்தார். அவளுக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து மாமா தொண்டையைக் கனைத்து, தான் தயாரித்த ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் படிக்க ஆரம்பித்தார்.

"ரீசன் நம்பர் ஒன். இன்னர் கான்ஃப்லிக்ட். ரீசன் நம்பர் டூ..."

பேராசிரியை டேப் ரெக்கார்டரை நிறுத்தினாள். டக். ஐயாவுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நல்ல பதவி என்று நியூயார்க்கில் யாரோ சொன்னார்களே என்றாள். மிகவும் சந்தோஷமாக இருப்பதாகக்கூடச் சொன்னார்களே. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள்தான் அவரோடு இருந்தவர். சொல்லுங்கள். ஏன் நிறுத்தினார்?"

மாமா அந்தக் காகிதத்தை என் கையில் திணித்தார். நான் இத்தாலிக்காரரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண் இப்போது என்மேல் இருந்தது. டர்ன்பைக்கில் பார்த்த அதே கண். அம்மாவின் ரொட்டி ஒரு புளுகில் தொங்குகிறது, அந்தப் புளுகைச் சொல்லப்போகிறவன் நான். என்னுடைய எந்தக் கதையையும் இதுவரை ஒரு மனிதன்கூட ஏற்றுக்கொண்டதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மூலையைப் பார்த்தேன்.

"அந்த வாஷிங் மெஷின் இருக்கிறதே" என்றேன், "அது நடக்கும்."

"என்ன?"

"பிழியும்போது நடக்கும். யாராவது மேலே உட்கார வேண்டும். அவர் இங்கே வந்த முதல் குளிர்காலம். அந்த மேஜையில் காகிதத்தை வைத்துக்கொண்டு தினமும் காலையில் உட்காருவார். எழுதமாட்டார். ஒருநாள் நான் ஷூ எடுக்கக் கீழே வந்தேன். ஒரு வரி எழுதியிருந்தார். அடுத்த வரிக்குப் பேனாவைத் தூக்கியபோது மேலே என் மனைவி கத்தினாள். மெஷின் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்தார்."

டக். டேப் ரெக்கார்டர் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

"அதில் என்ன துணி?" என்று கேட்டாள்.

"பெட்ஷீட். பெட்ஷீட் போட்டால் அதிகமாக நடக்கும்."

"அந்தத் தடிப் போர்வை, கம்ஃபர்ட்டர், போட்டா இன்னும் மோசம்" என்றது படியிலிருந்து என் மனைவியின் குரல்.

"முடிகிறவரை உட்கார்ந்திருந்தார். நன்றாகக் குலுங்கினார். நின்றதும் இறங்கி வந்து அந்த வரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யாரோ எழுதியதைப் பார்க்கிற மாதிரி. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் படிக்கட்டுக்கு வந்து மேலே பார்த்து, 'இன்னும் துணி இருக்கிறதா?' என்று கேட்டார். அவ்வளவுதான்."

பேராசிரியையின் கண் கலங்கியிருந்தது. "அந்த வரி என்ன?"

"எனக்கு இத்தாலியன் தெரியாதே" என்றேன்.

அவள் எழுந்து போய் மெஷினின் மூடியை மெதுவாகத் தொட்டாள். பிறகு இத்தாலிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்றாள். கார் தெருமுனை திரும்புகிறவரை யாரும் அசையவில்லை.

"நம்பர் டூவை நீ சொல்லவே இல்லையேப்பா" என்றார் மாமா, காகிதத்தை மடித்துக்கொண்டு. அவருக்கு வருத்தம்தான்.

இத்தாலிக்காரர் ஸ்வெட்டரைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு நிஜம்?" என்று கேட்டார்.

"மெஷின் நிஜம். பெட்ஷீட் நிஜம்."

"காகிதம்?"

"அது என்னுடையது."

ஸ்வெட்டரின் கிழிந்த கையை நீவிக்கொண்டே யோசித்தார். "பணம் தரலாம்" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதன்முதலாக ஒருவர் ஒத்துக்கொண்டுவிட்டார்! மயிலாப்பூருக்கு டிரங்க் கால் போட்டு அண்ணனிடம் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. என்ன கதை என்று கேட்பார். வாஷிங் மெஷின் என்பேன். மெஷின் எப்படிடா நடக்கும் என்பார். விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. ஆபீஸ் விட்டு நேராக, டையைக்கூடத் தளர்த்தாமல், இத்தாலிக்காரர் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் நல்ல செய்தியைச் சொன்னார். ஊரில் புத்தகத்தைப் பாதிரியாரே படித்துக் காட்டினாராம். திருவிழாவில் அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. ரொட்டிக் கடைக்காரர் வீட்டுக்கே வந்து ரொட்டி கொடுத்துவிட்டு அழுதுவிட்டுப் போகிறாராம். அம்மா தங்கமாக இருக்கிறாள், கொஞ்சம் இளைக்க வேண்டும் அவ்வளவுதான்.

"என் கதை இருக்கா?" என்றேன்.

இருந்தது. ஒரு பக்கம் முழுக்க. சமையலறை மேஜையில் விரித்து வைத்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். குளிர்காலம். நிலவறை. தாழ்ந்த கூரை. காகிதம். ஒரே ஒரு வரி. அவர் அதை நீண்ட நேரம் பார்க்கிறார். மடித்து வைக்கிறார். எங்கும் நிசப்தம்.

"நிசப்தமா?" என்றேன். "மெஷின் எங்கே?"

மேலும் கீழும் தேடினார். பக்கத்தைத் திருப்பினார். "இல்லை."

"பெட்ஷீட்?"

"இல்லை." அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு குறிப்பின்மேல் விரலை வைத்தார். "'குடும்ப நண்பர் ஒருவரின் சாட்சியம். வீட்டு இரைச்சல்கள் நீக்கப்பட்டுள்ளன.'"

அவர் அந்தப் பக்கத்தை மறுபடியும், அறிக்கைகளைப் படிக்கிற மாதிரி, புருவத்தைச் சேர்த்துக்கொண்டு படித்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஒரு வார்த்தையைக்கூட நம்ப முடியவில்லை. இது என்னிடம் வந்திருந்தால் நிராகரித்திருப்பேன்."

அந்த நேரம் கீழே தடதடவென்று ஆரம்பித்தது. மாடியிலிருந்து என் மனைவி, "என்னங்க! கிளம்பிடுச்சு! ஓடுங்க!" என்றாள்.

நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுவதற்குள், எதிரே நாற்காலி காலியாக இருந்தது. படிகளில் அவருடைய ஆபீஸ் ஷூ சத்தம் இறங்கிப் போனது. நான் போய்ப் பார்த்தபோது, டை ஒரு பக்கம், தொந்தி ஒரு பக்கமாக அவர் மெஷின்மேல் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார்.

"பெட்ஷீட்டா?" என்று கத்தினேன்.

"கம்ஃபர்ட்டர்!" என்றார்.